அப்பாவின் டம்ளரும் அண்ணனின் மூலமும்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 33 வயது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குப் போன வருடம், 58 வயதில், பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தார்கள். கீமோவும் முடிந்துவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் குடலில் உள்ள பாக்டீரியாதான் இந்தப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று செல்போனில் ஒரு வீடியோ வந்ததிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. ஏற்கெனவே அப்பாவுக்குத் தட்டும் டம்ளரும் தனி. இப்போது பேரப்பிள்ளைகள் அவர் தட்டில் கை வைத்தாலே அண்ணி பதறுகிறார். அண்ணன் (36 வயது) எல்லோருக்கும் 'நல்ல பாக்டீரியா' கேப்சூல் வாங்கி வந்திருக்கிறார். மலத்தை டப்பாவில் போட்டு அனுப்பினால் குடலில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று பட்டியல் தருவார்களாம், அதற்கும் பணம் கட்டப் போகிறார். கெட்ட பாக்டீரியாவைக் கொல்ல ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்றும் கேட்கச் சொன்னார். அவருக்கு மூலம் வேறு உண்டு, ஒரு வருடமாக அவ்வப்போது ரத்தம் போகும், அதனால் பயம் அதிகம். இது தொற்றுமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேள்வியாகவே கேட்காத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அண்ணனுக்கு மூலம் உண்டு, ஒரு வருடமாக ரத்தம் போகும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை மூலம் என்று சொன்னது யார்? டாக்டர் ஒருவர் ஆசனவாயைப் பரிசோதித்துச் சொன்னாரா, இல்லை அண்ணனே முடிவு கட்டி மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டுக்கொள்கிறாரா? என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டாவது ரகம்.

அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். மகனுக்கு 36 வயதில் ஒரு வருடமாக ரத்தம். இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும்போது கேப்சூலும் டப்பாவும் அப்புறம். இந்த வாரமே அவர் ஒரு குடல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலை உள்ளே பார்ப்பது) செய்துகொள்ள வேண்டும். மூலமாகவே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் உள்ளே பார்க்காமல் யாரும் அப்படி அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். கடைசியில் மறுபடியும் இதற்கு வருகிறேன்.

இப்போது டம்ளர். புற்றுநோய் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, எச்சில் தண்ணீர் குடிப்பதாலோ, பேரனைத் தூக்கி முத்தம் கொடுப்பதாலோ அப்பாவின் நோய் யாருக்கும் வரப்போவதில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. கீமோ ஏற்றிய பிறகு இரண்டு நாளைக்கு நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தியைக் கையாளும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள் என்று நர்ஸ்கள் சொல்லி அனுப்புவார்கள். அது மருந்தின் மிச்சம் அடுத்தவர் உடம்பில் படக் கூடாது என்பதற்காக. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது 'அவரிடம் ஒட்டுவாரொட்டி ஏதோ இருக்கிறது' என்று ஆகிவிடுகிறது. கீமோ முடிந்துவிட்டது, அந்தக் கட்டுப்பாடும் முடிந்துவிட்டது. அப்பாவின் டம்ளர் மற்ற டம்ளர்களோடு அலமாரிக்குப் போகலாம்.

அண்ணி விவரமானவர் என்றால் மடக்கி ஒரு கேள்வி கேட்பார்: பாக்டீரியா ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகாதா? போகும். 2023-இல் இத்தாலியின் டிரென்டோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு பல நாட்டு மக்களின் மல, எச்சில் மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரே வீட்டில் வாழ்கிறவர்களின் குடலில் உள்ள பாக்டீரியா ரகங்களில் சுமார் 12 சதவீதமும், வாயில் உள்ளவற்றில் சுமார் 32 சதவீதமும் பொதுவாக இருந்தன. ஆக, உங்கள் வீட்டில் கொடுக்கல் வாங்கல் எல்லாம் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. முப்பது வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட பிறகு டம்ளரைப் பிரிப்பதால் ஒன்றும் ஆகாது, அவர் மனம் நோவதைத் தவிர. அப்படிப் போகிற பாக்டீரியாவில் எதுவும் போனவுடன் புற்றுநோயை உண்டாக்குவதும் இல்லை. ஏன் என்பதுதான் உங்கள் முக்கியமான கேள்வி.

அந்த வீடியோ முழுப் பொய் இல்லை. அதுதான் சிக்கல். முழுப் பொய்யாக இருந்தால் இரண்டு வரியில் முடித்துவிடுவேன்.

நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016-இல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. நம்முடைய சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. எல்லாப் பாக்டீரியாவையும் சேர்த்து நிறுத்தால் கால் கிலோ கூட வராது. இதில் பெரும்பகுதி குடியிருப்பது பெருங்குடலில். சிறுகுடலில் புற்றுநோய் மிக அபூர்வம், பெருங்குடலில் சர்வ சாதாரணம். பாக்டீரியாக் கூட்டம் அதிகம் இருக்கிற இடத்தில்தான் புற்றுநோயும் அதிகம் என்பது ஆராய்ச்சியாளர்களை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம்.

இதில் எங்களுக்குப் பழைய பழக்கம் உள்ள ஒரு பாக்டீரியா உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காலோலிட்டிகஸ் என்று பெயர், முன்பு போவிஸ் என்போம். இதயத்தின் வால்வில் இந்தக் கிருமி தொற்றியிருக்கும் நோயாளிகளுக்குப் பெருங்குடலில் கட்டியும் இருப்பதை 1977 வாக்கில் தெளிவாகக் கவனித்தார்கள். அன்றிலிருந்து ரத்தப் பரிசோதனையில் இந்தப் பெயர் வந்தால் இதய டாக்டர் உடனே எங்களுக்குப் போன் செய்வார், "குடலைப் பார்த்துவிடுங்கள்" என்று. கட்டி இருக்கும் இடத்தில் குடல் சுவர் பலவீனமாக இருப்பதால் கிருமி ரத்தத்துக்குள் நுழைந்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். கட்டி முதலில் வந்ததா, கிருமி முதலில் வந்ததா? புண்ணில் ஈ மொய்க்கிறது. ஈயால் புண் வந்ததா, புண் இருப்பதால் ஈ வந்ததா? இந்த ஈக் கேள்வியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொன்றிலும் இது குறுக்கே வரும்.

2011-இன் இறுதியில், கனடாவின் வான்கூவரிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தன. பெருங்குடல் கட்டிகளில் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்கிற பாக்டீரியா ஏராளமாக இருந்தது. பக்கத்திலேயே உள்ள நல்ல சதையில் அந்த அளவுக்கு இல்லை. ஆச்சரியம் என்னவென்றால் இது குடலில் குடியிருக்கிற ஆளே இல்லை. வாயில், ஈறு இடுக்கில் இருப்பது. பல்லில் காரை படிந்து ஈறு வீங்கும்போது பெருகுகிற கிருமிகளில் ஒன்று. அது எதற்காகக் குடல் வரை பயணம் செய்து கட்டிக்குள் போய் உட்கார வேண்டும்?

பதிலில் ஒரு பகுதி கிடைத்திருக்கிறது. கட்டியின் செல்கள் மேல் ஒரு வகைச் சர்க்கரை மூலக்கூறு தூக்கலாக இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ள இந்தப் பாக்டீரியாவிடம் கொக்கி மாதிரி ஒரு புரதம் உண்டு. அதாவது கட்டிதான் இதை அழைக்கிறது. ஈ மொய்க்கிற கதை. ஆனால் வந்த ஈ சும்மா இருப்பதில்லை. செல்களை வேகமாகப் பெருகத் தூண்டுகிறது, நம் நோய் எதிர்ப்பு செல்களைக் கிட்டே வராமல் தடுக்கிறது, சில கீமோ மருந்துகளின் வேலையையும் மந்தமாக்குகிறது. 2017-இல் பாஸ்டனில் நடந்த ஆய்வு ஒன்று எனக்கு இன்றைக்கும் வியப்பு. பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலும் அதே ஃபியூசோபாக்டீரியம் உயிரோடு இருந்தது. புற்றுநோய் ஊர் விட்டு ஊர் போகும்போது இதையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது! 2024-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள ஃபிரெட் ஹட்ச் மையத்தினர் இன்னும் நுணுக்கமாகப் பார்த்து, இந்த இனத்திலேயே ஒரு குறிப்பிட்ட கிளைதான் கட்டிகளில் வாழ்கிறது, இரைப்பை அமிலத்தைத் தாக்குப்பிடிக்கும் திறன் அதற்கு இருக்கிறது என்றார்கள். அவர்கள் பார்த்த கட்டிகளில் பாதியில் அது இருந்தது. மீதிப் பாதியில் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வீடியோக்காரர்கள் படிப்பதில்லை.

இன்னொரு கதை ஈ.கோலையுடையது. ஈ.கோலை எல்லோர் குடலிலும் இருக்கும், பெரும்பாலும் சாது. அதில் சில ரகங்கள் கோலிபாக்டின் என்ற நச்சைச் சுரக்கின்றன என்று 2006-இல் பிரான்ஸின் துலூஸ் நகரக் குழு கண்டுபிடித்தது. அந்த நச்சு நம் செல்லின் டிஎன்ஏ-வையே போய்த் தாக்கும். சரி, தாக்கினால் அடையாளம் இருக்க வேண்டுமே? 2020-இல் நெதர்லாந்தில் மனிதக் குடல் செல்களை ஆய்வகத்தில் சிறு உருண்டைகளாக வளர்த்து, அவற்றுக்குள் இந்த ஈ.கோலையை ஐந்து மாதம் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். டிஎன்ஏ-வில் ஒரு தனிப்பட்ட சேதம் பதிந்தது, கைரேகை போல. பிறகு நிஜ நோயாளிகளின் கட்டிகளில் தேடினால், ஒரு சிறு பகுதியினரிடம் அதே ரேகை.

2025 ஏப்ரலில் வந்தது இதன் அடுத்த கட்டம். உங்கள் அண்ணன் பார்த்த வீடியோவும் அநேகமாக இதைத்தான் பேசியிருக்கும். சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைமையில் 11 நாடுகளைச் சேர்ந்த 981 பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களின் மரபணுத் தொகுப்பை முழுதாக வாசித்தார்கள். 70 வயதுக்கு மேல் நோய் வந்தவர்களைவிட 40-க்குள் வந்தவர்களிடம் கோலிபாக்டின் ரேகை 3.3 மடங்கு அதிகம். அந்தச் சேதம் பத்து வயதுக்குள், குழந்தைப் பருவத்திலேயே விழுந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். இளம் வயதில் இந்தப் புற்றுநோய் பல நாடுகளில் கூடி வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அந்த 11 நாடுகளில் இந்தியா இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நச்சு ஈ.கோலை நலமாக இருப்பவர்களிலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் குடலில் இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. ஒரு செல் புற்றாக மாற டிஎன்ஏ-வில் பல தவறுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழ வேண்டும். பரம்பரை, வயது, உணவு, உடல் பருமன், புகை, மது எல்லாம் அதில் பங்கு போடுகின்றன. பாக்டீரியா அந்தக் கூட்டாளிகளில் ஒன்று. பாக்டீராய்ட்ஸ் ஃபிராஜிலிஸ் என்று இன்னொன்றும் பட்டியலில் உண்டு, அதுவும் இதே மாதிரிதான்: சில ரகம் நச்சு சுரக்கும், சுரக்கிற ரகம் பலரிடம் சும்மாவும் இருக்கும்.

"வயிற்றுப் புண் கிருமியை மாத்திரை கொடுத்துக் கொல்கிறார்களே டாக்டர், இதையும் அப்படிக் கொன்றால் என்ன?" அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. ஹெலிகோபாக்டர் பைலோரியைச் சொல்கிறார். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துத் தன் இரைப்பையில் அழற்சி வருவதைக் காட்டினார். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பிரிவில் சேர்த்தது. மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் கிடைத்தது. அங்கே ஒரே குற்றவாளி, அடையாளம் தெரிந்தவன், ஒதுக்குப்புறமான வீட்டில் இருக்கிறான். இரண்டு வாரம் மாத்திரை போட்டால் பிடித்துவிடலாம். பெருங்குடல் அப்படியில்லை. அது தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகர். ஒருவனைப் பிடிக்க ஆன்டிபயாடிக் போட்டால் தெருவே காலியாகும், அப்புறம் யார் வந்து குடியேறுவார்கள் என்பது நம் கையில் இல்லை.

நான் மேலே சொன்ன 2017 பாஸ்டன் ஆய்வில் எலிகளுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தபோது கட்டி வளர்வது மந்தமானது உண்மை. நம் ஊரில் வயிற்றுப்போக்குக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிற அதே மாத்திரைதான். அண்ணன் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். அது மனிதக் கட்டி பொருத்தப்பட்ட எலி. ஆரோக்கியமான மனிதருக்கு மெட்ரோனிடசோல் கொடுத்துப் புற்றுநோயைத் தடுத்ததாக எந்த ஆய்வும் இல்லை. மாறாக, ஸ்வீடனில் சுமார் 40 ஆயிரம் பெருங்குடல் புற்றுநோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள்: மொத்தமாக ஆறு மாதத்துக்கும் மேல் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குப் பெருங்குடலின் வலப்பக்கத் தொடக்கப் பகுதியில் புற்றுநோய் வாய்ப்பு 17 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆன்டிபயாடிக்தான் காரணம் என்று அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, அங்கேயும் ஈக் கேள்வி உண்டு. ஆனால் சளிக்கும் காய்ச்சலுக்கும் நாமாக வாங்கிப் போடுவதை நிறுத்த இது போதும்.

கேப்சூல். அதன் டப்பாவில் என்னதான் எழுதியிருந்தாலும், பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட புரோபயாடிக் எதுவும் இன்றைய தேதிக்கு இல்லை. ஒரு சுவையான கதை சொல்கிறேன். முதல் உலகப் போரின்போது ஒரு ஜெர்மானியச் சிப்பாய்க்கு மட்டும் சீதபேதி வரவில்லை. ஆல்ஃபிரெட் நிஸ்லே என்ற மருத்துவர் 1917-இல் அவர் மலத்திலிருந்து ஒரு 'நல்ல' ஈ.கோலையைப் பிரித்தெடுத்தார். நூறு வருடத்துக்கும் மேலாக அது மருந்தாக விற்கப்படுகிறது. பின்னாளில் பார்த்தால், டிஎன்ஏ-வைத் தாக்குகிற அந்த கோலிபாக்டினைத் தயாரிக்கும் மரபணுக்கள் இந்த நல்லவனிடமும் இருக்கின்றன! அதைச் சாப்பிட்டு யாருக்கும் புற்றுநோய் வந்ததாக நிரூபணம் இல்லை. நல்லது, கெட்டது என்று லேபிள் ஒட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்காகச் சொன்னேன். உங்கள் வீட்டில் திடமாக இருப்பவர்கள் அந்தக் கேப்சூலைச் சாப்பிட்டிருந்தால் கெடுதல் வர வாய்ப்பு குறைவு, பர்ஸுக்குத்தான் கெடுதல். ஆனால் அப்பாவுக்கு அவருடைய புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கீமோவால் எதிர்ப்புச் சக்தி தளர்ந்தவர்களுக்கு அபூர்வமாக இந்தப் பாக்டீரியாவே ரத்தத்தில் தொற்றிவிடும். தயிர், மோர், பழைய சோறு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம், சாப்பாடாக. மருந்து என்று நினைத்துச் சாப்பிட வேண்டாம்.

மலத்தை டப்பாவில் அனுப்பும் சமாச்சாரத்துக்குப் பணம் கட்டவே வேண்டாம். வண்ண வண்ணமாக ஒரு ரிப்போர்ட் வரும். அதில் ஃபியூசோபாக்டீரியம் இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வீர்கள்? அதற்கு மருந்து இல்லை. இல்லை என்று வந்தால் அண்ணன் நிம்மதியாகிக் கொலோனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடுவார். எனக்கு அந்த இரண்டாவதுதான் பயம். மலத்தில் இருப்பதும் குடல் சுவரில் ஒட்டியிருப்பதும் ஒன்றல்ல, நேற்றைய சாப்பாட்டுக்கே அந்தப் பட்டியல் மாறும். மலத்தைப் பரிசோதிக்கும் நல்ல முறை ஒன்று உண்டு, அது வேறு. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மலத்தில் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. 'ஃபிட்' என்பார்கள். பல நாடுகளில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு அதைத்தான் முதலில் செய்கிறார்கள். அண்ணனுக்கு அதுவும் தேவையில்லை, ரத்தம்தான் கண்ணுக்கே தெரிகிறதே.

அப்படியானால் பாக்டீரியா விஷயத்தில் நாம் செய்ய ஒன்றுமே இல்லையா? உண்டு, ஆனால் வழி கொஞ்சம் சுற்று வழி. பாக்டீரியாவை மாற்றுவதைவிட அதற்கு நாம் போடுகிற சாப்பாட்டை மாற்றலாம். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே சில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அதுதான். அழற்சியையும் அது தணிக்கிறது. நார் குறைந்து கொழுப்பும் இறைச்சியும் கூடினால் வேறு பாக்டீரியாக்கள் தலையெடுத்துப் பித்த அமிலங்களைக் குடலை அரிக்கும் வடிவத்துக்கு மாற்றுகின்றன.

இதைக் காட்ட 2015-இல் ஓர் அழகான சோதனை நடந்தது. பெருங்குடல் புற்றுநோய் அதிகமுள்ள அமெரிக்கக் கறுப்பின மக்கள் 20 பேர், அந்த நோய் மிகக் குறைவாக உள்ள தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேர். இரண்டு வாரத்துக்கு இவர்கள் சாப்பாட்டை அவர்களுக்கும் அவர்கள் சாப்பாட்டை இவர்களுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். அமெரிக்கர்களுக்கு மக்காச்சோளம், பயறு, நிறைய நார். கிராமத்தாருக்கு பர்கர், பொரித்த உருளைக்கிழங்கு. இரண்டே வாரத்தில் அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் கூடி அழற்சி குறைந்தது. கிராமத்தாருக்கு நேர் எதிராக நடந்தது. இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வரவோ போகவோ இல்லை, அபாயத்தைக் காட்டும் அடையாளங்கள்தான் மாறின. ஆனாலும் குடல் எவ்வளவு சீக்கிரம் சொன்னபடி கேட்கிறது பாருங்கள்.

உங்கள் சமையலறைக்கு இதை எடுத்துக்கொண்டு போனால் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார். வெள்ளைச் சோறும் ரசமுமாக மூன்று வேளையை ஓட்டினால் அதில் பாதி கூட வராது. கம்பு, கேழ்வரகு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கீரை, அவரை, கொய்யா என்று போனால் தானாக வரும். மெதுவாகக் கூட்டுங்கள், திடீரென்று கூட்டினால் வாயு பிடுங்கும். அப்பாவுக்குக் குடலில் ஆபரேஷன் ஆகியிருப்பதால் அவருக்கு எவ்வளவு என்று அவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதப்படுத்திய இறைச்சியைக் குறையுங்கள். நம் ஊரில் சாஸேஜ், சலாமி என்று பேக்கரியில் பிள்ளைகள் கேட்டு வாங்குவது அதுதான். தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அதே புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது. தினமும் என்பதைக் கவனியுங்கள், எப்போதோ ஒரு நாள் பஃப்ஸ் தின்ற பையனைப் போட்டு மிரட்ட வேண்டாம். மது, புகை இரண்டும் வேண்டாம். அப்புறம், ஈறில் ரத்தம் வருகிறவர்கள் பல் டாக்டரைப் பாருங்கள். பல் சுத்தம் செய்தால் குடல் புற்றுநோய் வராது என்று நிரூபணம் இல்லை, ஆனால் ஈறு நோயை விட்டுவைக்க எந்த நியாயமும் இல்லை.

சரி, அண்ணனிடம் வருவோம்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். 34 வயது. எட்டு மாதமாக ரத்தம். நாள் முழுக்க பஸ்ஸில் வேலை, சூடு, அதனால் மூலம் என்று அவரும் நம்பினார், அவருக்கு மருந்து கொடுத்த இரண்டு பேரும் நம்பினார்கள். இரண்டு பேரில் ஒருவர்கூட உறை மாட்டி விரலை விட்டுப் பார்க்கவில்லை. நான் பார்த்தபோது விரல் நுனியிலேயே கட்டி தட்டுப்பட்டது. ஒரு நிமிடம் கூட ஆகாத பரிசோதனை அது. நோயாளிக்குக் கூச்சம், டாக்டருக்கு அவசரம். அந்த எட்டு மாதம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இந்தியாவில் இந்த நோய் மேலை நாடுகளைவிடக் குறைவுதான். 2022-இல் உலகம் முழுக்கப் புதிதாக வந்த சுமார் 19 லட்சத்தில் இந்தியாவில் சுமார் 70 ஆயிரம் என்று மதிப்பிட்டார்கள். குறைவு என்பதாலேயே இள வயதில் யாரும் சந்தேகப்படுவதில்லை. அண்ணன் போகும்போது, "அப்பாவுக்கு 58 வயதில் பெருங்குடல் புற்றுநோய்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். ரத்தம் எந்த நிறம், மலத்தோடு கலந்து வருகிறதா, மலம் கழிக்கும் பழக்கம் மாறியிருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா என்று கேட்பார்கள். ஹீமோகுளோபினும் பார்ப்பார்கள். உண்மையிலேயே மூலமாக இருந்தாலும் அது கொலோனோஸ்கோப்பியை ரத்து செய்யாது. மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், யாரும் தடுக்கவில்லை.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்ற சின்ன சதை வளர்ச்சியாகத்தான் தொடங்கும். அது புற்றாக மாறப் பல வருடங்கள், பெரும்பாலும் பத்து வருடம் வாக்கில், எடுக்கும். கொலோனோஸ்கோப்பியில் அதைக் கண்டால் அங்கேயே கம்பி வளையம் போட்டு எடுத்துவிடுவார்கள். எடுத்த பாலிப் புற்றாக முடியாது. எந்தக் கேப்சூலும் இந்த வேலையைச் செய்யாது.

உங்களுக்கு 33 வயது, தொந்தரவு எதுவும் எழுதவில்லை. பெற்றோரில் ஒருவருக்கு 60-க்கு முன் இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் பிள்ளைகள் 40 வயதில், இல்லாவிட்டால் அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், எது முந்தியோ அப்போது கொலோனோஸ்கோப்பி செய்ய வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. உங்கள் கணக்கில் அது 40. நடுவில் ரத்தமோ, காரணம் தெரியாத ரத்தசோகையோ வந்தால் 40 வரை காத்திருக்கக் கூடாது. அண்ணனுக்கு 40 என்ற கணக்கே பொருந்தாததும் அதனால்தான்.

அதற்குள் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அதில் எம்எம்ஆர் என்ற பரிசோதனை (டிஎன்ஏ-வில் விழும் தவறுகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது) செய்திருக்கிறார்களா? செய்யவில்லை என்றால் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். எடுத்த கட்டியின் துண்டை மெழுகுக் கட்டியில் பதித்துப் பல காலம் வைத்திருப்பார்கள், இப்போதும் செய்யலாம். லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்பதற்கு அது முதல் துப்பு. பெருங்குடல் புற்றுநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் வாக்கில் இருக்கும். அப்பா வழியில் வேறு யாருக்காவது குடல் புற்றுநோயோ, பெண்களில் கர்ப்பப்பைப் புற்றுநோயோ (கர்ப்பப்பை வாய் இல்லை, கர்ப்பப்பையின் உள்சுவர்) வந்திருக்கிறதா என்று அத்தைமார்களிடம் விசாரியுங்கள். லிஞ்ச் இருப்பது உறுதியானால் 40 என்பதெல்லாம் இல்லை, 20 முதல் 25 வயதுக்குள்ளேயே தொடங்கி ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.

அண்ணன் கொலோனோஸ்கோப்பிக்குப் பயப்படுவார். உண்மையில் கஷ்டம் பரிசோதனையில் இல்லை, அதற்கு முந்தின நாளில். மயக்க ஊசி போடுவதால் பரிசோதனை பெரும்பாலானவர்களுக்கு நினைவில்கூட இருக்காது. முதல் நாள் குடலைக் கழுவ ஒரு பேதி மருந்துக் கரைசலை லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்வார்கள். உப்புக் கரிக்கும். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பிறகு ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் இறங்கும். பாதியில் நிறுத்திவிட்டு "வயிறு காலியாகிவிட்டது" என்று சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் தெளிவான மஞ்சளாக வரும் வரை குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்களுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை ஏதாவது எடுத்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மயக்கம் தெளிந்த அன்று அவர் பைக் ஓட்டக் கூடாது, நீங்களோ அண்ணியோ கூடப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்வதாக இருந்தால் தேதி கொடுக்கக் கொஞ்ச நாள் ஆகலாம், அதனால் நாளைக்கே போய்ப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். டப்பாவுக்குக் கட்ட வைத்திருக்கும் பணம் போக்குவரத்துக்கு ஆகும்.